பதினெட்டு வருடப் பிடி

மணப்பாறை மாட்டுச்சந்தைத் திடலில் 1974ஆம் வருடம் ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய குஸ்தி, 1992ஆம் வருடம் அதே ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, சந்தை நிறைந்து கிடக்கும்போது முடிந்தது. இடைப்பட்ட பதினெட்டு வருடமும் அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடவில்லை. குஸ்தி சரித்திரம் தெரிந்தவர்கள், 1910இல் லண்டனில் காமா பயில்வானுக்கு அடியில் ஒரு போலந்துக்காரர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் குப்புறப் படுத்துக் கிடந்தே தோல்வியைத் தள்ளிப்போட்டதைச் சொல்வார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு பேர் பதினோரு மணி நாற்பது நிமிடம் மல்லுக்கட்டியதையும், ஜெயித்தவருக்கு இறுதிப் போட்டியில் இறங்கவே தெம்பில்லாமல் போனதையும் சொல்வார்கள். எங்கள் ஊர்க் குஸ்தியை யாரும் சொல்வதில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

என் பெயர் தனிஸ்லாஸ். சந்தைக்கு எதிரே பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்தேன். அப்போது இருபத்தாறு வயது. குஸ்திக் கம்பெனி எங்கே கூடாரம் போட்டாலும், திருச்சியோ திண்டுக்கல்லோ கரூரோ, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். எந்த வீரன் எந்த ஊரில் எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பிடியில் விழுந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த வீரர்களில் எனக்கு உயிர் என்றால் வியாசர்பாடி வேங்கை எத்திராஜ்தான். நாற்பத்தொரு தடவை அவர் குஸ்தியைப் பார்த்திருக்கிறேன், நாற்பத்தொரு தடவையும் அவர் தோற்றார். பெரும்பாலும் அவரைத் தோற்கடித்தது ஹங்கேரிக் கரடி சாண்டர் என்கிற வெள்ளைக்காரன், ஆறே கால் அடி உயரம், நூற்றுப் பன்னிரண்டு கிலோ, தோள் முழுக்கச் செம்பட்டை மயிர். இருபது நிமிடம் எத்திராஜ் நன்றாகத்தான் ஆடுவார், கடைசியில் கரடி அவரைத் தலைக்கு மேல் தூக்கி முதுகடிபடப் போடும், திடலே அதிரும், அவர் எழுந்திருக்க மாட்டார். தோற்கத் தோற்க எனக்கு அவர்மேல் பிரியம் கூடிக்கொண்டே போனது. அவர் ஒரே ஒரு தடவை ஜெயித்து நான் பார்த்துவிட வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன்.

கம்பெனி எங்கள் ஊருக்கே வந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம், இரண்டு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு, எத்திராஜ் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எத்திராஜும் கரடியும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரே தட்டில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், ஊறுகாயெல்லாம் நீயே நக்கிட்டா எனக்கு?" என்றது கரடி, சுத்தமான கோலார் தங்கவயல் தமிழில்.

"இந்தா, துன்னு. இன்னிக்கி இருபதாவது நிமிசம்தானே?"

"இருபதுதான். தூக்குறப்போ என் தோளைத் தட்டு. நேத்து லேட்டாத் தட்டின, இடுப்பு புடிச்சிக்கிச்சி."

ஹங்கேரிக் கரடி மெல்வில் என்கிற ஆங்கிலோ இந்தியர் என்பதும், ஹங்கேரியை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்பதும், தங்கவயலில் அவருக்கு டாரீன் என்று ஒரு மனைவியும் மூன்று வயதில் ஷெரில் என்று ஒரு மகளும் இருந்தார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் எத்திராஜை உத்தரவு போட்டுத் தோற்க வைக்கிறார்கள். முறுக்கைக் கொடுக்காமலே திரும்பினேன். கடையில் உட்கார்ந்து பருத்திக்கொட்டையை அளந்தபடியே யோசித்தேன். ஊரை ஏமாற்றுகிறார்களே என்ற கோபம் எனக்கு வரவில்லை. வந்திருந்தால் கூட்டத்தில் கத்தியிருப்பேன், நாலு பேர் சிரித்திருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். எனக்கு வந்தது இரக்கம்.

மாலையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எத்திராஜ் மேடைக்கு வரும்போது நான் குறுக்கே விழுந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், முன்வரிசையில் எப்போதும் இருக்கிற முகமாயிற்றே.

"அண்ணே, கரடி இன்னிக்கு சொன்னபடி செய்யாது. உங்க வலது கையை நெசமாவே ஒடிக்கப் போவுது. கம்பெனிக்காரன்கிட்ட பேசிட்டுப் போறத என் காதால கேட்டேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையை உருவிக்கொண்டு மேடை ஏறினார். மணி அடித்த முதல் நிமிடத்திலேயே, வழக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிற அந்த ஆட்டமெல்லாம் ஆடாமல், நேராகப் பாய்ந்து கரடியின் கழுத்தை அக்குளுக்குள் இழுத்து வலது கையால் சுற்றி, இடது கையால் அந்த மணிக்கட்டைப் பூட்டினார். அது நாடகப் பிடி இல்லை என்பது கரடிக்குப் புரிந்த விநாடியை நான் பார்த்தேன். கண் விரிந்தது, பிறகு சுருங்கியது. மெல்வில் இரண்டு காலையும் தூக்கி எத்திராஜின் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டார். இருவரும் சாய்ந்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ரெஃப்ரி பிரிக்கப் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து கம்பெனி ஆட்கள் எட்டு பேர் பார்த்தார்கள். மறுநாள் சர்ச் முடிந்து வந்த பெரிய டாக்டர் விரல்களைத் தொட்டுப் பார்த்து, எலும்பு நன்றாயிருக்கிறது, நாடி நன்றாயிருக்கிறது, விட இஷ்டமில்லை போலிருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திங்கட்கிழமை இரண்டு ஜோடி உழவு மாட்டைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், வடம்தான் அறுந்தது. செவ்வாய்க்கிழமை மாடுகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டதால் சந்தையை நிறுத்த முடியவில்லை, மேடையைச் சுற்றியே சந்தை கூடியது, மேடைக் கால்களில் ஜனங்கள் மாட்டைக் கட்டினார்கள். பத்தாவது நாள் கம்பெனி இவர்களை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

அப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்டது. முதல் மழைக்குக் கீற்றுக்கூரை போட்டார்கள், மூன்றாம் வருடம் அது ஓட்டுக்கூரை ஆனது. வாரம் ஒரு தடவை நாவிதர் வந்து இரண்டு பேருக்கும் சவரம் செய்துவிட்டுப் போவார், ஒரு கன்னத்துக்கும் மற்ற ஆளின் மார்புக்கும் நடுவே கத்தியை விட்டு எடுக்கிற அந்த லாகவத்தைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். மற்ற தேவைகளுக்கு என்ன செய்வார்கள் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். வீட்டில் படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்கு என்ன செய்வோமோ அதைத்தான் ஊரார் முறை வைத்துச் செய்தார்கள். மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்ததும், பேச்சு மாறாமலிருக்க அந்தப் பிடியைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிவந்து நிறுத்தி, "இவங்க மாதிரி விடாம இருங்க" என்று வாழ்த்தினார்கள். மெல்விலின் முழங்கால் மடிப்பில் ஒரு மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போயிற்று. கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைக் 'குஸ்தி' என்றே கூவினார்கள். இரண்டு ஓட்டல், ஒரு சோடாக் கம்பெனி, மூன்று வளையல் கடை புதிதாக வந்தன. என் கடையிலும் வியாபாரம் பெருகியது. வெளியூர் ஆட்கள் வந்தால், "தனிஸ்லாசுகிட்ட கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று என்னிடம்தான் அனுப்பினார்கள். நான் லண்டனையும் ஸ்டாக்ஹோமையும் சொல்லி, அந்த நாற்பத்தொரு தோல்வியைச் சொல்லி, கழுத்துப்பிடியின் வகைகளைச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர.

அவர்கள் இருவரும் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மழை வருகிறதா, பக்கத்துக் கடையில் கறி வாசனை வருகிறதே என்ன கறி, எந்தக் கட்சி ஜெயிக்கும், எல்லாம் பேசினார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் மற்றவர் மூச்சை அடக்கி இடம் கொடுப்பார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாயைத் திறந்ததில்லை. முதலில் அவன் சொல்லட்டும் என்று அவரும், அவன் சொல்லட்டும் என்று இவரும். வீடுகளில் அண்ணன் தம்பி அப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறோம், ஆகையால் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

மெல்விலின் மனைவி டாரீன் முதல் மாதமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து அவள் பெட்டியைச் சுமந்து வந்தவன் நான். வீடு பார்த்துக் கொடுத்தேன். தையல் மிஷின் வாங்கக் கூடப் போனேன். ஷெரிலைக் கான்வென்ட்டில் சேர்க்கையில் கையெழுத்துப் போட்டேன். "யு ஆர் அ செயிண்ட், தனிஸ்லாஸ்" என்பாள் டாரீன். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் கடையில் ஆள் காத்திருக்கிறது என்று எழுந்துவிடுவேன். அவள் மூன்று வேளையும் புருஷனுக்கு ஊட்டினாள், அதே கையால் எத்திராஜுக்கும் ஊட்டினாள். "உன்னைத் திட்டணும்னுதான் தினமும் வரேன், எத்தி" என்று சொல்லிக்கொண்டே அவர் வாயைத் துடைத்துவிடுவாள். எத்திராஜுக்கு வியாசர்பாடியில் அம்மா மட்டும்தான். ஐந்தாம் வருடம் அந்த அம்மா இறந்த தந்தி வந்தபோது, அதைப் படித்துச் சொல்லும்படி என்னிடம்தான் கொடுத்தார்கள். படித்தேன். எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்வில், கழுத்து பூட்டிக் கிடந்த அந்த நிலையிலேயே, தன் ஒரு கையை வளைத்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வெளியில் வடநாட்டு யாத்ரீகர்கள் ஒரு பஸ் நிறைய வந்திறங்கினார்கள், அவர்களுக்குச் சரித்திரம் சொல்லப் போய்விட்டேன்.

வருடந்தோறும் பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். எடை குறைத்ததைச் சொல்வேன், கோபத்தில் தம்பியை அடித்ததைச் சொல்வேன், பராக்குப் பார்த்ததைச் சொல்வேன். "அவ்வளவுதானா, மகனே?" என்பார் சாமியார். "அவ்வளவுதான் சாமி" என்பேன். பதினெட்டு பெரிய வெள்ளி.

ஷெரிலுக்கு இருபத்தொரு வயதானபோது திருச்சி ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு நல்ல பையன் அமைந்தான். கல்யாணம் எங்கள் மாதா கோயிலில். ஒரு சாயங்காலம் அவள் கடைக்கு வந்து புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"அங்கிள், எங்க வழக்கத்துல பொண்ணை அப்பாதான் கையைப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்."

"தெரியும்மா."

"டாடி வர முடியாது. டாடிகிட்டயே கேட்டேன், யாரு கூட்டிட்டுப் போகணும்னு. தனிஸ்லாஸ்தான், வேற யாருன்னு சொன்னார். எத்தி அங்கிளும் அதான் சொன்னார். வருவீங்கல்ல?"

அவள் சந்தோஷமாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஒருவனிடமிருந்து திருடிய இடத்தில் அவனே கையைப் பிடித்து என்னை உட்கார வைத்தால் நான் என்ன செய்வேன்? ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி ரெஜினா மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? நானா அங்க கிடக்கறேன்?" என்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், அந்தப் புதன்கிழமை, சந்தை கூடியிருந்த நேரத்தில், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேடைமேல் ஏறினேன். கீழே நின்றுதான் எப்போதும் பேசியிருக்கிறேன், மேடை வீரர்களுடையது. இரண்டு தலைக்கும் நடுவே உட்கார்ந்து, அவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், லாட்ஜையும் தயிர்சோற்றையும் சொன்னேன். "கரடி கையை ஒடிக்கப் போவுதுன்னு நான் சொன்னது பொய்ண்ணே. அவர் யாருகிட்டயும் ஒண்ணும் பேசல. நானாத்தான் சொன்னேன்."

கீழே ஒரு காளை கத்தியது. எத்திராஜ் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மெல்விலைத்தான் கேட்டார்.

"நீ என் கைய ஒடிக்க வர்லியா?"

"நான் எதுக்குடா ஒடிக்கிறேன்? நீதான் வந்ததும் வராததுமா கழுத்தை நெரிச்ச. பைத்தியம் புடிச்சிருச்சி, விட்டா கொன்னுடுவேன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

எத்திராஜின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. காய்ந்த வாகை நெற்று வெடிக்கிற மாதிரி சத்தம். மெல்விலின் கால்கள் இடுப்பிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தன. இருவரும் புரண்டு மல்லாக்கப் படுத்து, ஓட்டுக்கூரையையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். நாலு தோளும் தரையில் பட்டிருந்தன. அந்த நிலையிலும் என் பாழாய்ப்போன புத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இருவரும் சமம் என்று தீர்ப்புச் சொன்னது. யாரும் கைதட்டவில்லை. சந்தையில் பேரம் நின்று, துண்டுக்குள் கோத்த விரல்களோடு தரகர்கள் அப்படியே நின்றார்கள்.

நான் மேடையில் சொன்னது ராத்திரிக்குள் பரவிவிட, மறுநாளே ஊர் என் கடை முன்னால் திரண்டது. ஓட்டல்காரர்கள், சோடாக் கம்பெனிக்காரர், வளையல் கடைக்காரிகள், தரகர்கள் எல்லாரும் இருந்தார்கள். எதற்காக ஆரம்பித்தாய் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எதற்காக முடித்தாய் என்றுதான் கேட்டார்கள். "பதினெட்டு வருஷம் மூடின வாயை இன்னும் கொஞ்ச நாள் மூடிட்டு இருந்தா என்னய்யா?" என்றார் சோடாக் கம்பெனிக்காரர். எனக்கு என்னவோ அடித்துவிட மாட்டார்களா என்றிருந்தது. அடிக்கவில்லை. மாட்டுக்காரர்கள் என்னிடம் புண்ணாக்கு வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஷெரில் வந்தாள். மூட்டைமேல் உட்காரவில்லை.

"மூணு வயசுலேருந்து டாடி கால்கிட்ட உக்காந்துதான் ஹோம்வொர்க் பண்ணேன். கணக்கு வரலைன்னா நீங்க சொல்லிக் குடுப்பீங்க. அப்பக்கூட உங்களுக்குத் தெரியும், இல்ல அங்கிள்?"

"தெரியும்மா."

"நாளைக்கு வராதீங்க. உங்களைப் பாத்தா அழுதுடுவேன். போட்டோ கெட்டுடும்."

போகவில்லை. கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கோயில் மணியைக் கேட்டேன். ரெஜினா போய்வந்து சொன்னாள்: மெல்விலுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியேதான் நிற்கிறது, அந்தச் சாய்ந்த தலையோடு மகள் கையைப் பிடித்து, நடையே மறந்தவர் போல அடி அடியாக வைத்துப் பீடம் வரைக்கும் வந்துவிட்டார், அவர் தடுமாறும்போதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து எத்திராஜ் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கோயிலே அழுதது. டாரீன் மட்டும் அழவில்லை, "எத்தி, நேரா நில்லு" என்று அதட்டிக்கொண்டே இருந்தாளாம்.

திங்கட்கிழமை காலை எத்திராஜ் என் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தாறு வயது, தலை முழுக்க வெளுத்திருந்தது, வேட்டி யாரோ இரவல் கொடுத்தது. கைகள் இரண்டும் எதையோ கட்டிப் பிடித்திருப்பது மாதிரி இன்னும் வளைந்தே இருந்தன. முற்றத்தில் நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ரெஜினா காபி போட உள்ளே ஓடினாள். நான் காலில் விழப் போனேன், தடுத்தார்.

"அத்த வுடு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னா நென்சி அப்புடி சொன்ன?"

"நீங்க ஒரே ஒரு தடவ ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டேண்ணே. எப்பப் பாத்தாலும் உங்களத் தோக்கடிக்கிறாங்களேன்னு..."

அவர் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நாப்பத்தொரு தபா பாத்தேன்ற. இன்னாடா பாத்த? அவன் என்னத் தூக்குறப்ப ஜனம் அப்புடியே எழுந்து நிக்குமே, தூக்குறவனுக்கா நின்னுது? வுழறவனுக்குடா. யாரு வேணா தூக்கலாம். வுழறதுக்கு ஏழு வருசம் கத்துக்கிட்டேன். தோத்தேன்னு நென்சியா என்னைய? அது என் தொழிலுடா. என்னிய மாதிரி வுழ இந்த மதராஸ் ராஜதானியில ஆள் கெடையாது."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தோன்றுவதற்குள், யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் தலைக்கு மேல் தூக்கி வீசினாற்போல, நின்ற இடத்திலிருந்தே எம்பி, முதுகடிபட அந்தச் சிமெண்டுத் தரையில் விழுந்தார். வீடு அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரம் உருண்டது. ரெஜினா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் கண்ணை மூடி, கையைப் பரப்பி, உயிர் போன மாதிரி கிடந்தார். நான் "அண்ணே, அண்ணே" என்று உலுக்கினேன். மெதுவாகக் கண்ணைத் திறந்து, துளிக் காயமில்லாமல் எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டார். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"பதினெட்டு வருசம்," என்றார். "ஒரு தபா கூட வுழ வுடலியேடா."

தெருவில் மெல்வில் சாய்ந்த கழுத்தோடு காத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுப் பக்கம் அவர் திரும்பவில்லை, கழுத்தால் திரும்ப முடியவில்லையோ என்னவோ. இரண்டு பேரும் ஒரே பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார்கள்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ரெஜினா வீட்டில் இல்லாத சமயங்களில் அந்த முற்றத்தில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவர் விழுந்த மாதிரி ஒரு தடவை பின்னால் விழுந்து பார்க்கலாம் என்று முயற்சி செய்வேன். முடிந்ததே இல்லை. உடம்பு சாய ஆரம்பிப்பதற்குள் கை தானாகப் பின்னால் போய்த் தரையில் ஊன்றி என்னைக் காப்பாற்றிவிடுகிறது.